புளித்த பானையும் வளர்ந்த கல்லும்

கடுக்காய்ப் பானையின் மூடியைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது கள் வாசனை. அதற்கு அடியில் வெல்லத்தின் இனிப்பு, அதற்கும் அடியில் கடுக்காயின் துவர்ப்பு. மேலே அரை விரல் உயரத்துக்கு நுரை கட்டி நின்றது. கம்பத்திலிருந்து மலையேறி வந்திருந்த கொத்தனார் அந்த நுரையை விலக்கி, ஒரு துளியைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டு மெல்லப் பிரித்துக் காட்டினார். நூல் மாதிரி இழுபட்டு அறுந்தது. "இன்னும் ரெண்டு நாள் போகட்டும் தம்பி. புளிப்பு ஏறணும். இப்பவே சுண்ணாம்புல ஊத்துனா அது வெறும் வெல்லத் தண்ணிதான்" என்றார்.

இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டின் பின்சுவருக்காக வைத்த பானை அது. சுவர் பழையது. கருங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியது. சில ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் சிமென்ட் பூசினோம். இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஆறு மாதம் நனைகிற சுவர், குடித்த ஈரத்தை வெளியே விட வழியில்லாமல் உள்ளுக்குள் பொருமியது. உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. சிமென்டை முழுதும் கொத்தி எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்புக்கே திரும்புவது என்று முடிவு செய்தோம். பானை புளிக்கக் காத்திருந்த நாட்களில் நான் படித்துக்கொண்டிருந்தது இன்னொரு பானையைப் பற்றி. அது பெங்களூரில் இருக்கிறது.

இந்திய அறிவியல் கழகத்தில் அலோக் குமார், கௌசிக் விஸ்வநாதன் ஆகியோரின் குழு, இஸ்ரோ விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2020இல் ஒரு செங்கல்லைச் செய்து காட்டியது. நிலவின் மண்ணைப் போலத் தயாரித்த தூள், யூரியா, கால்சியம் உப்பு, ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற பாக்டீரியா ஆகியவற்றோடு கொத்தவரை விதையிலிருந்து எடுத்த பசையும் அதில் சேர்ந்தது. சூளை இல்லை, சிமென்ட் இல்லை. பாக்டீரியா யூரியாவை உடைத்துச் சுண்ணாம்புப் படிகத்தை வளர்க்க, தூள் கல்லாக இறுகியது. கொத்தவரைப் பசை சேர்த்தபோது கல்லின் பலம் கூடியது. அந்த வரியைப் படித்ததும் எழுந்து போய்ப் பானையை எட்டிப் பார்த்தேன். இங்கேயும் ஒரு செடியின் காய், ஓர் இனிப்பு, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், முடிவில் சுண்ணாம்பு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. வைத்துப் பார்க்கும்போது ஓர் அவசரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. "நம் முன்னோர் அன்றே பாக்டீரியா கான்கிரீட் செய்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் அவசரம் அது. கேட்கப் பெருமையாக இருக்கும், உண்மை அது அல்ல. இரண்டு பானைகளிலும் நுண்ணுயிர் இருக்கிறது. ஆனால் அது வாழ்ந்து சாகும் இடம் வேறு, எடுக்கும் நேரம் வேறு, விட்டுச் செல்லும் மிச்சமும் வேறு. என் கணக்கில் எல்லாமே இந்த மூன்று வேறுபாடுகளில்தான் இருக்கிறது.

முதலில் நம் பானை. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரிக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். நூறு கிலோ கல்லில் 44 கிலோ காற்றோடு போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துச் சீறி நீறும். நீற்றின சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மறுபடி இழுத்துக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே, அதாவது கல்லுக்கே, திரும்பி வரும். அழகான சுற்று. ஆனால் காற்றில் அந்த வாயு இருப்பது பத்தாயிரத்தில் நாலு பங்கு. அதனால் சுண்ணாம்பு இறுகுவது மாதக்கணக்கு, கனத்த சுவரானால் ஆண்டுக்கணக்கு.

இந்தச் சுற்றில் கடுக்காய்ப் பானைக்கு என்ன வேலை? இடித்த கடுக்காயும் வெல்லமும் தண்ணீரில் ஊறும்போது, காயின் தோலிலும் வெல்லத்திலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் அமிலங்களையும் பசைகளையும் உண்டாக்குகின்றன. தோசை மாவு புளிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. புளித்த நீரைச் சுண்ணாம்பில் ஊற்றிய கணத்தில் அந்த உயிர்கள் செத்துவிடும். ஈரச் சுண்ணாம்பின் காரம் அவ்வளவு கடுமை. வேலை செய்வது உயிர்கள் அல்ல, அவை விட்டுப்போன சரக்கு. சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கிறது. பசை ஈரத்தைப் பிடித்துவைத்துச் சாந்து சட்டென்று காய்ந்து வெடிக்காமல் காக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு சாந்தை இளக்கிக் கரண்டிக்கு வழுக்கலாக்குகிறது. இவற்றின் நடுவே வளரும் சுண்ணாம்புப் படிகங்கள் சின்னதாகவும் நெருக்கமாகவும் அமைகின்றன.

கொத்தனாருக்கு இதெல்லாம் கரண்டியில் தெரிகிறது. புளித்த நீர் சேர்த்த சாந்து கரண்டியின் அடியில் வெண்ணெய் மாதிரி நகரும், சேர்க்காதது மணலாக உரசும். நான் இரண்டையும் பூசிப் பார்த்தேன். கைக்கே வித்தியாசம் தெரிந்தது.

தமிழ்நாட்டில் இது அரண்மனைக்கும் கோவிலுக்கும் மட்டும் இருந்த வித்தை இல்லை. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் மாடியில் கொட்டி, கடுக்காய்–வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டித் தளம் போட்டது பலரும் நேரில் பார்த்த காட்சி. செட்டிநாட்டுச் சுவர்களின் கண்ணாடி மினுக்கத்துக்குப் பின்னாலும் சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் உண்டு. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திருமலினி செல்வராஜின் குழு இப்படிப்பட்ட பழைய சாந்துகளையும், புளிக்கவைத்த மூலிகைச் சாறுகள் சுண்ணாம்பில் செய்கிற மாற்றங்களையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. திருச்சூர் வடக்குந்நாதர் கோவிலை மரபு முறைகளைக் கொண்டு செப்பனிட்ட பணிக்கு 2015இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் உயர் விருது கிடைத்தது. அந்த விருது வந்த பிறகுதான் பல பொறியாளர்கள் சுண்ணாம்பை மறுபடி ஏறெடுத்துப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் பானை வைக்கத் தெரிந்த கொத்தனார்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள் என்பதுதான் வேதனை.

இப்போது பெங்களூர்ப் பானை. அதில் இருப்பது ஒரே ஒரு வகை பாக்டீரியா. அதன் உடலில் யூரியேஸ் என்ற நொதி ஏராளம். யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பனேட்டாகவும் உடைக்கும். அம்மோனியா சுற்றிலும் காரத்தை ஏற்றும். அருகில் கரைந்திருக்கும் கால்சியம், கார்பனேட்டோடு சேர்ந்து பாக்டீரியாவின் மேல்தோலிலேயே படிகமாக உட்காரும். படிகம் வளர வளர உள்ளே இருக்கிற உயிர் மூடப்பட்டுவிடும். அப்படி வளர்ந்த கல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், படிகத்தின் முகத்தில் குச்சி குச்சியாகக் குழிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியா இருந்து மறைந்த இடம். வண்டு துளைத்த ஏலக்காய்த் தோல் மாதிரி இருக்கிறது அந்தப் படம்.

மணல் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இந்தப் படிகம் பாலம் போட்டால் மணல் கல்லாகிறது. ஷார்ஜாவில் கட்டடக்கலை கற்பித்துக்கொண்டிருந்த ஜிஞ்சர் கிரீக் டோசியர் இதை வைத்துச் செங்கல் செய்துபார்த்து, 2012இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பயோமேசன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் வேறு திசையில் போனார். கான்கிரீட்டின் கடுங்காரத்திலும் உறங்கிக் கிடக்கக்கூடிய பாக்டீரியா விதைகளை, கால்சியம் லாக்டேட் என்ற தீனியோடு கான்கிரீட்டிலேயே கலந்துவிட்டார். விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கியதும் விதை விழித்து, தீனியைத் தின்று, சுண்ணாம்பை வளர்த்து விரிசலை மூடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல்களை இது மூடுவதாகச் சோதனைகள் காட்டின. சோடா ஏரிகளைப் போன்ற கடுங்கார இடங்களில் வாழ்ந்து பழகிய பாக்டீரியாவாக இருந்ததால்தான் இது முடிந்தது.

ஆக, முதல் வேறுபாடு: நம் பானையின் உயிர் புளிப்பில் வாழ்ந்து சுண்ணாம்பில் சாகிறது. அந்தப் பானையின் உயிரோ சுண்ணாம்பிலேயே வாழ்கிறது, தானே சுண்ணாம்பைப் பெறுகிறது. நம்முடையது சமையல், அவர்களுடையது வளர்ப்பு. ஒன்றை மற்றொன்றின் தொடக்கம் என்று சொல்வது, தயிர் உறைவதைப் பார்த்து மாடு வளர்ப்பைக் கற்றோம் என்பதுபோல் ஆகும்.

இரண்டாவது வேறுபாடு நேரம். சுண்ணாம்புப் பூச்சு மாதங்களுக்குக் கேட்கிறது, பாக்டீரியாச் செங்கல் நாட்களில் முடிகிறது. ஏன் என்று யோசித்தால் சுவையான விடை கிடைக்கும். சுண்ணாம்புக்கு வேண்டிய கரியமில வாயு காற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக வர வேண்டும். பாக்டீரியாவுக்கு அது யூரியாவுக்குள்ளேயே பொட்டலம் கட்டி வந்துவிடுகிறது. காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. மழையில் ஊறிய சுவருக்குள் காற்று புகாது, காற்று புகாவிட்டால் சுண்ணாம்பு கல்லாகாது. சுண்ணாம்பு வேலையைத் தை, மாசியில் தொடங்கினால்தான் இடவப்பாதி வருவதற்குள் மேல்தோலாவது இறுகும். கம்பத்துக் கொத்தனார் மழைக்காலத்தில் மலைக்கு வரமாட்டேன் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், சோம்பல் அல்ல. குளிரிலோ இரண்டு பானைகளுக்கும் ஒரே கதி. மார்கழியில் இங்கே தோசை மாவே பொங்காது. கடுக்காய்ப் பானையை அடுப்போரம் வைத்துக் கோணிச்சாக்கு சுற்றினோம். பாஸ்டியூரியும் முப்பது டிகிரியைச் சுற்றித்தான் சுறுசுறுப்பாக இருக்கும், குளிர்ந்தால் மந்தமாகிவிடும்.

மூன்றாவது வேறுபாடான மிச்சத்தைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. பாக்டீரியாச் செங்கல்லைப் பற்றிய செய்திகள் எல்லாம் "சூளை இல்லை, புகை இல்லை" என்பதோடு நின்றுவிடுகின்றன. சிமென்டை 1450 டிகிரியில் சுட வேண்டும், உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் அறை வெப்பத்தில் வளரும் கல் பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். கால்சியம் குளோரைடை வைத்து 100 கிராம் சுண்ணாம்புப் படிகம் வளர்க்க 60 கிராம் யூரியாவும் 111 கிராம் கால்சியம் குளோரைடும் செலவாகும். படிகத்தோடு சேர்ந்து 107 கிராம் அம்மோனியம் குளோரைடும் பிறக்கும். பெற்ற கல்லைவிடக் கழிவு கனம் கூடுதல். ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பாத்திரத்தில் தேய்க்கிற நவச்சாரம்தான் அது. ஒரு வீட்டுக்கான செங்கல் வளர்த்தால் மூட்டை மூட்டையாக நவச்சாரம் மிஞ்சும். செங்கல்லில் பெரும்பகுதி மணல்தான், பிணைக்கிற அளவுக்கே படிகம் போதும் என்பது உண்மை. அப்படியும் அந்தக் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்காமல் இருக்க முடியாது. செங்கல்லில் தங்கினால் அதிலுள்ள குளோரைடு பக்கத்துக் கம்பியை அரிக்கும். ஓடையில் விட்டால் அம்மோனியா மீனைக் கொல்லும். ஏலத்துக்கு அடித்த மருந்தையே தாங்க முடியாத ஓடைகள் எங்கள் ஓடைகள்.

யூரியாவும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு, உயர் அழுத்தத்தில் தயாரிக்கிற பொருள் அது. சூளை கண்ணுக்கு மறைந்ததே தவிர, ஓரளவுக்கு இடம் மாறித்தான் இருக்கிறது. விண்வெளிச் செங்கல்லுக்கு மனித சிறுநீரின் யூரியாவைப் பயன்படுத்தலாம் என்று பெங்களூர்க் குழு சொன்னதில் ஒரு பெரிய பொருள் இருக்கிறது என்றே கருதுகிறேன். நிலவில் அது கட்டாயம், பூமியில் அது நியாயம். ஒரு பள்ளிக்கூடத்தின், ஒரு பேருந்து நிலையத்தின் கழிப்பறையில் வீணாக ஓடுவதிலிருந்து யூரியாவைப் பெற முடிந்தால் கணக்கு தலைகீழாக மாறும்.

இதற்கு நேர் எதிரே சுண்ணாம்பின் கணக்கு. அதன் மிச்சம் தண்ணீர் மட்டும். சுடும்போது போன வாயுவையும் பெருமளவு திரும்ப வாங்கிக்கொள்கிறது. வாங்காதது காளவாயில் எரித்த விறகின் புகை, அல்லது நிலக்கரியின் புகை. அந்த விறகு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு மரபு என்ற சொல் பதிலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நின்றுகொண்டு அதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பானையின் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதிலும் இரண்டும் எதிரெதிர். பெங்களூரில் ஒரே இனம், தூய வளர்ப்பு. வேறு கிருமி நுழைந்தால் தொகுதியே வீண். நம் பானையில் வேறு கிருமி என்பதே கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் விருந்தாளிகள். அதனால்தான் ஒரு கொத்தனார் எந்த ஊரிலும் பானை வைக்க முடிகிறது. அதனால்தான் ஒரு பானை மாதிரி இன்னொன்று அமைவதில்லை, பலத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்திட எந்தப் பொறியாளரும் முன்வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பட்டியாலாவின் தாப்பர் பல்கலைக்கழகத்தில் சுதாகர ரெட்டி, அபிஜித் முகர்ஜி குழுவினர், விலை கூடிய ஆய்வகத் தீனிக்குப் பதிலாக மக்காச்சோள ஆலையின் ஊறல் நீரையும் பால் ஆலையின் கழிவையும் பாக்டீரியாவுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்கள். தீனி மலிந்தால் பானை ஆய்வகத்தைவிட்டு வெளியே வரும். பாக்டீரியாவைத் தேடியும் தூரம் போக வேண்டியதில்லை. மண்ணில் வாழும் பாக்டீரியாவில் மிகப் பலவற்றுக்குத் தகுந்த தீனி கிடைத்தால் சுண்ணாம்புப் படிகத்தை உண்டாக்க முடியும் என்று ஸ்பெயின் ஆய்வாளர்கள் பொக்கே, பொரோனாட், ராமோஸ்-கோர்மென்சானா 1973இலேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் சுண்ணாம்பைப் பற்றி எழுதிவிட்டு முல்லைப் பெரியாற்றைத் தொடாமல் போக முடியாது. ஆனைக்கரையிலிருந்து குமுளி பக்கம்தான். ஜான் பென்னிகுயிக் 1887இல் தொடங்கிய, 1895 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்ட அணை கருங்கல்லும் சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையும் கொண்டு எழுந்தது. கூடலூரை அடுத்த குருவனூத்துச் சுண்ணாம்புக்கல் மலையேறி வந்தது. அதில் கருப்பட்டியும் கடுக்காயும் முட்டையும் கலந்தார்கள் என்று கம்பம் பள்ளத்தாக்கில் எந்த டீக்கடையிலும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நானும் ஆசையோடு கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அணையின் கலவையாகப் பதிவாகியிருப்பவை சுண்ணாம்பு, சுர்க்கி, மணல். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் தூள். பாரசீகத்தில் சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். சுட்ட மண்ணிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிவதால் தண்ணீருக்கு அடியிலும் அது இறுகும், காற்றை எதிர்பார்க்காது. அங்கே நுண்ணுயிருக்கு வேலையில்லை. ஆகவே அணையைப் புளிப்புப் பானையின் சாட்சியாக நான் நிறுத்த மாட்டேன். சுண்ணாம்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதிலும் முழுச் சாட்சி அல்ல. கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் 1930களிலும் 1960களிலும் சிமென்ட் பால் ஏற்றினார்கள். 1979க்குப் பிறகு கான்கிரீட் தாங்கலும் கேபிள் நங்கூரங்களும் சேர்ந்தன. பாக்டீரியா கான்கிரீட்டைப் பற்றிப் பேசினால் உடனே "அதை அணைக்கு ஊற்றலாமே" என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மயிரிழை விரிசலை மூடுகிற வைத்தியம் வேறு, 176 அடி உயரத்துக்கு நிற்கும் அணையின் பலம் வேறு.

இன்னோர் ஆனைக்கரை இருக்கிறது, பாலக்காட்டு மாவட்டத்தில், பட்டாம்பி வட்டத்தில், நிளா ஆற்றின் பக்கம். பெயர் ஒன்று, மண் வேறு. அங்கே வீடு கட்டுவது வெட்டுக்கல்லில். அந்தப் பகுதிக்குத் தொலைவில் இல்லாத அங்ஙாடிப்புறத்தில் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியிட்ட தம் பயண நூலில் செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்ற பெயரை உண்டாக்கினார். மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். வெட்டி வெளியே வைத்தால் வெயிலிலும் காற்றிலும் இறுகும். நெருப்பும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம், பானையும் வேண்டாம். அந்த ஆனைக்கரைக்குப் பாக்டீரியாச் செங்கல்லை விற்கப் போவது, ஆற்றங்கரையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது போல. இருந்தாலும் அந்த ஊர் நமக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. நிளாவைப் போன்ற ஆறுகளின் மணலை அள்ளி அள்ளி அவை குழியும் புல்லுமாகிப் போனதைப் பார்த்துத்தான் கேரளம் 2001இல் ஆற்று மணலுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நம் சுண்ணாம்புச் சாந்திலும் பாதிக்கு மேல் மணல். பாக்டீரியாச் செங்கல்லிலோ பெரும்பகுதியே மணல். நுண்ணுயிர் சிமென்டின் இடத்தை நிரப்பும், மணலின் இடத்தை ஒருநாளும் நிரப்பாது. மலையை உடைத்து எம்-சாண்ட் அரைக்கும் சத்தம் எங்கள் பக்கம் ஓய வேண்டுமானால் அதற்கு வேறு வழி தேட வேண்டும். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து 70 பேர் மாண்ட மாவட்டம் எங்கள் இடுக்கி. இங்கே கல்லும் மணலும் வெறும் விலைக் கணக்கு அல்ல.

அப்படியானால் எந்தப் பானையை எங்கே வைப்பது? புதுச் சுவர் எழுப்புவதற்குப் பாக்டீரியாவை இங்கே கொண்டுவருவதை நான் இன்றைக்கு ஏற்க மாட்டேன், நவச்சாரக் கணக்கு தீரும் வரை. தளக்கல், ஓடு போன்ற சிறு பொருள்களைக் கழிவுநீரை வடித்துச் சுத்தம் செய்ய முடிகிற ஒரு பட்டறைக்குள் வளர்க்கட்டும். பூச்சுக்கும் தளத்துக்கும் பழைய பானையே போதும், அதைவிட நல்லதும் கூட. ஏனென்றால் சுவர் மூச்சு விட வேண்டும். ஆனால் பழைய சுண்ணாம்புக் கட்டடத்தின் மயிரிழை விரிசல்களுக்கும், மழை அரித்துப் பொடிந்த கல் முகங்களுக்கும் பாக்டீரியாவைப் போன்ற கை வேறில்லை. சிமென்டைத் திணித்தால் பழைய சுண்ணாம்பை அது உடைத்துக்கொண்டு வெளியே வரும். பாக்டீரியா வளர்ப்பதோ சுண்ணாம்பையே, அதே இனத்தை. பிரான்சில் துவார் என்ற ஊரின் செயின்ட் மெடார் தேவாலயக் கோபுரத்தில் 1993இல் இதைத்தான் செய்தார்கள். அரித்துப்போன சுண்ணாம்புக்கல்லின் மேல் பாக்டீரியாவையும் தீனியையும் தெளித்து, மேலே ஒரு மெல்லிய சுண்ணாம்புத் தோலை வளரவிட்டார்கள். பூச வேண்டியிருந்தது மிகக் கொஞ்சம் என்பதால் கழிவும் கொஞ்சம்தான். பெங்களூர்க் குழுவும் இப்போது அந்தத் திசைக்கு வந்திருக்கிறது. சூட்டில் இறுக்கிய விண்வெளிச் செங்கல்லில் விரிசல் விட்டால் பாக்டீரியாவும் கொத்தவரைப் பசையும் நிலவு மண்ணைப் போன்ற தூளும் கலந்த கூழை ஊற்றி மூடுவதைப் பற்றி 2025இல் எழுதினார்கள். வளர்ப்பவனைவிட வைத்தியனாக இருப்பதே அந்த உயிருக்குப் பொருந்துகிறது.

எங்கள் பின்சுவர் பூசி முடிந்து மூன்றரை மாதம் ஆகிறது. கொத்தனார் போகும்போது ஒரு சோதனை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். சுவரின் ஒரு மூலையில் உளியால் சின்னதாக ஒரு சில்லைப் பெயர்த்து, உடைந்த முகத்தில் மஞ்சள் தண்ணீரைத் தொட்டுவைக்க வேண்டும். இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கும் இடம் ஆரத்திபோல் சிவக்கும். கல்லாகிவிட்ட இடம் மஞ்சளாகவே நிற்கும். நேற்று பெயர்த்துப் பார்த்தேன். மேல்தோலில் நகக்கனத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. அதற்கு உள்ளே, கருங்கல் வரைக்கும், ஒரே சிவப்பு.